குளிர்காலத்தில் தனி ஆளாக பெர்க் முகடு: சாம்பேன் காசில் – மஃபாடி – ஜயன்ட்ஸ் காசில்

முகட்டுவழி (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஜூலைக் குளிரில் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரின் (நாம் சுருக்கமாகப் பெர்க் என்போமே) மேல்முகட்டில் ஒரு பகுதியைத் தனியாக நடந்துவிட்டு வந்தேன். போவதற்கு முன் இங்கே பல கேள்விகள் கேட்டிருந்தேன், அதனால் விவரம் எழுதுவது கடமை.

வழி இதுதான். மங்க்ஸ் கவுலில் ஆரம்பித்து, கீத் புஷ் முகாம் தாண்டி, கிரேஸ் கணவாய் ஏறி மேலே. முதலில் சாம்பேன் காசில், 3377 மீட்டர். அங்கிருந்து தெற்கே, விளிம்பை இடது கையில் வைத்துக்கொண்டு லெசோத்தோ நாட்டுப் பக்கமாகவே நடந்து மஃபாடி, 3450 மீட்டர். தென்னாப்பிரிக்காவின் மிக உயர்ந்த இடம் அதுதான். அப்புறம் போப்பிள் சிகரம், பேனர்மன் கணவாய், லங்கலிபலேலே கணவாய், கடைசியில் ஜயன்ட்ஸ் காசில், 3315 மீட்டர். இறங்கியது ஜயன்ட்ஸ் காசில் முகாமுக்கு. மைத்துனர் பக்கி (பிக்கப் வண்டி) எடுத்துக்கொண்டு வந்து ஏற்றிக்கொண்டார்.

கீழே வின்டர்டன் பக்கத்திலிருந்து பார்த்தால் இதெல்லாம் கோட்டைச்சுவர் மாதிரி நிற்கும். மேலே ஏறினதும் அந்தப் பிரமிப்பு பாதி போய்விடும். பின்பக்கம் லெசோத்தோ மேட்டுநிலம். அங்கிருந்து பார்த்தால் சாம்பேன் காசில் ஒரு பெரிய புல்மேடு, அவ்வளவுதான். மஃபாடியில் எது உச்சி என்று ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது. ஆளைக் களைப்பாக்குவது சிகரம் இல்லை, சிகரத்துக்கும் சிகரத்துக்கும் நடுவில் இருக்கிற ஓடைப் பள்ளங்கள். இறங்கு, ஏறு, மறுபடி இறங்கு. பெரும்பாலும் ஒழுங்கான பாதையும் கிடையாது, கால்நடைத் தடம்தான்.

குளிர்காலம் எதற்கு என்று கேட்பீர்கள். கோடையில் அங்கே கிட்டத்தட்ட தினமும் மதியத்துக்கு மேல் இடி மின்னல், ஆலங்கட்டி மழை, எதிரே வருகிற ஆள் தெரியாத மூடுபனி. ஜூனிலும் ஜூலையிலும் வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும், புல் தாழ்ந்திருக்கும், பாம்புத் தொல்லை இல்லை. குளிர் கடுமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குளிர் சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி. மின்னல் அப்படி இல்லை.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். திட்டம் போடும்போது சிகரங்களை வரிசைப்படுத்தாதீர்கள். கணவாய்களை வரிசைப்படுத்துங்கள். மேலே இருக்கும்வரை நமக்குக் கீழே இறங்கும் கதவு அவைதான். ஒவ்வொரு நாள் காலையிலும் நான் எனக்குள் கேட்டுக்கொண்டது ஒரே கேள்வி: காற்று மாறினால் எந்தக் கணவாய் வழியாக இறங்குவேன், இருட்டுவதற்குள் அதன் தலைப்புக்குப் போய்ச் சேர முடியுமா? முடியாது என்றால் அன்றைக்கு நகரக் கூடாது.

---

சாட்ஸ்வர்த் பேரன்

அண்ணே, வாழ்த்து! ஆனால் தனியாகவா? எங்கள் ஆயாவிடம் சொன்னால் கணவாய்க் கதவெல்லாம் கேட்க மாட்டார், வீட்டுக் கதவைப் பூட்டிவிடுவார்.

கேலி இருக்கட்டும். உண்மையாகவே ஒரு சந்தேகம். எல்லாக் கணவாயும் இறங்கத் தகுந்ததா? கூகுள் வரைபடத்தில் பார்த்தால் ஒவ்வொரு வெட்டும் வழி மாதிரித்தான் தெரிகிறது.

---

முகட்டுவழி

நல்ல கேள்வி தம்பி. எல்லாம் ஒன்று இல்லை. லங்கலிபலேலே கணவாய் பெர்க்கிலேயே சாதுவானவற்றில் ஒன்று. பேனர்மன் செங்குத்து, ஆனால் இறங்கலாம், கீழே பேனர்மன் குடிசை இருக்கிறது. லெஸ்லி கணவாய் இஞ்சிசூத்திப் பள்ளத்தாக்குக்கு இறக்கிவிடும், நெடுந்தூரம். ஷிப்ஸ் பிரௌ பக்கம் தனி ஆளாகப் போகவே வேண்டாம், முழுக்க உருளும் பாறை. பெயர் இல்லாத வெட்டுகள் பல பாதியில் பாறைச்சுவராக முடியும். மேலிருந்து பார்த்தால் அது தெரியாது.

குளிர்காலத்துக்கென்றே ஒரு கணக்கு உண்டு. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம், சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. அதனால் தெற்குப் பார்த்த சரிவுகளில் நாள் முழுக்க நிழல். ஒருமுறை பெய்த பனி அங்கே உருகாமல் இறுகி, கண்ணாடி போலப் பனிக்கட்டியாகிவிடும். அதே கணவாயின் வடக்குப் பக்கம் காய்ந்த புல்லாக இருக்கும். ஷூவில் மாட்டுகிற சின்ன ஸ்பைக் ஒரு ஜோடி பையில் இருந்தே ஆக வேண்டும். கிரேஸ் கணவாயின் மேல்பகுதியில் அதை மாட்டித்தான் ஏறினேன்.

---

மாரிட்ஸ்பர்க் அக்கா

தம்பி முகட்டுவழி, பத்திரமாக வந்தது சந்தோஷம். பயண விவரமும் அருமை. ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நாலு பையன்கள் தனியாகக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் பல வருடமாக மலையேற்றக் குழுவோடு போகிறவர்கள். மேலே கணுக்கால் பிசகினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று பேர் இருந்தால் ஒருவர் காயப்பட்டவரோடு இருப்பார், ஒருவர் உதவி கேட்க நடப்பார். ஒரே ஆள் என்றால் படுத்த இடம்தான். நடக்கிற வரைக்கும் உடம்பு சூடு. உட்கார்ந்துவிட்டால் வெயில் இறங்கின அரை மணியில் நடுக்கம் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் நடுக்கமும் நின்றுவிடும், புத்தி மங்கும். நடுக்கம் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நமக்கே அது தெரியாது.

இன்னொன்று. தேடிப் போகிறவர்கள் யார்? மவுன்டன் கிளப் ஆஃப் சவுத் ஆப்பிரிக்காவின் தேடல் மீட்புக் குழு. அவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். வேலை, குழந்தை குட்டி எல்லாம் உள்ளவர்கள். ஹெலிகாப்டர் வந்தால் நல்லது. காற்று அடித்தாலோ மேகம் மூடினாலோ ஹெலிகாப்டர் நெருங்க முடியாது. அந்த மனிதர்கள் ராத்திரியில் அதே பனிக்கட்டிக் கணவாயில் ஏறித்தான் வர வேண்டும். தனியாகப் போவது என் சொந்த விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது.

---

முகட்டுவழி

அக்கா, நீங்கள் சொல்வதில் மறுக்க ஒன்றும் இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கொண்டுபோனேன். ராத்திரிக்கு ராத்திரி மனைவிக்கு இடத்தை அனுப்பினேன். பூங்கா அலுவலகப் பதிவேட்டில் எந்தெந்தக் கணவாய் வழியாக இறங்கக் கூடும் என்பதுவரை எழுதிவைத்தேன்.

ஆனால் கூட்டமாகப் போனால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. எட்டுப் பேர் போகும்போது 'திரும்பலாம்' என்று முதலில் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது. கூச்சம். தனியாக இருந்தால் யாரிடமும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. இஞ்சிசூத்திக்கு மேலே இருந்தபோது ஒரு நாள் மேற்கே மேகம் வால்வாலாக நீண்டது. கூடாரத்தை விட்டு நகரவே இல்லை. கூட்டமாக இருந்திருந்தால் கிளம்பியிருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

---

மாரிட்ஸ்பர்க் அக்கா

கூட்டத்துக்கு நல்ல தலைவர் வேண்டும் என்பதற்குத்தான் அது காரணம். கூட்டமே வேண்டாம் என்பதற்கு இல்லை. சரி, இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. நீங்கள் அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள், உங்களோடு இரண்டு பேரை அனுப்புகிறேன்.

---

ஜோபர்க் வாசி

நான் சென்னையிலிருந்து வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தவன். கொடைக்கானல் குளிருக்கு மேல் குளிர் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஆசை பிடித்துவிட்டது. போன செப்டம்பரில் என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் பனியில் மூடி, வண்டிகள் மணிக்கணக்காக மாட்டிக்கொண்ட செய்தி பார்த்தேன்... இல்லை, அது 2024 செப்டம்பர். அது வசந்தகாலம் அல்லவா? குளிர்காலம் முடிந்த பிறகு எப்படி அவ்வளவு பனி?

மேலே எவ்வளவு குளிரும்? என்ன கொண்டுபோக வேண்டும்?

---

பழைய இயற்பியல் வாத்தியார் (டோங்காட்)

பனி பற்றி நான் சொல்கிறேன், பள்ளியில் நாற்பது நிமிடத்தில் முடிக்க வேண்டியதை இங்கே சுருக்கிவிடுகிறேன்.

குளிர்காலத்தில் இங்கே மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. அதனால் வெறும் குளிர்தான் இருக்கும், பனி எப்போதாவது. தெற்குக் கடலிலிருந்து குளிர்முனை, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, வரும்போதும், மேல்வானில் குளிர்ந்த காற்றழுத்தத் தாழ்வு ஒன்று பிரிந்து தங்கிவிடும்போதும் நிலைமை மாறும். பிரிந்த தாழ்வுநிலை நகராமல் நின்று, இந்தியப் பெருங்கடலின் ஈரத்தை இழுத்து மலைமேல் கொட்டும். வசந்தத் தொடக்கத்தில் ஈரமும் கூடிவிடுகிறது, மேல்வானில் குளிரும் இன்னும் போகவில்லை. 2024 செப்டம்பரில் நடந்தது அதுதான்.

நடப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இது. குளிர்முனைக்கு முன்னால் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கிக் காய்ந்த வெப்பக்காற்று இறங்கும். பெர்க் காற்று என்று டர்பனில் எல்லாருக்கும் தெரியும், ஜூலை மாதத்தில் திடீரென்று 30 டிகிரி அடிக்குமே, அதுதான். அன்றைக்கு மலைமேலும் இதமாக இருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு நடப்பார்கள். அடுத்த நாள் தென்மேற்குக் காற்று திரும்பும், அதோடு கதை மாறும். இதமான நாள் வந்தால் சந்தேகப்படுங்கள்.

எவ்வளவு குளிரும் என்பதற்கு எளிய கணக்கு: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். டர்பன் கடற்கரையில் பகலில் 22 என்றால் 3400 மீட்டரில் சுழியத்தை ஒட்டி. ராத்திரி மைனஸ் பத்துக்குக் கீழே போவது அங்கே புதுசு இல்லை. அதோடு காற்றைச் சேருங்கள். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 15 மாதிரி.

அடுப்பு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான குப்பிகளில் வெறும் பியூட்டேன் இருக்கும். அது மைனஸ் அரை டிகிரியில்தான் கொதித்து வாயுவாகும். அதற்குக் கீழே குப்பிக்குள் திரவமாகவே கிடக்கும். குலுக்கினால் சத்தம் கேட்கும், பற்றவைத்தால் பற்றாது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. இவை இரண்டும் கலந்த குளிர்காலக் குப்பி வாங்குங்கள். உயரத்தில் வெளியழுத்தம் குறைவு என்பதால் நமக்குச் சில டிகிரி சலுகை கிடைக்கும், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. இன்னொன்று, கலவையில் புரோப்பேன்தான் முதலில் அதிகமாகத் தீரும். பாதி காலியான குப்பி புதுக் குப்பியை விடச் சோம்பேறி. ராத்திரி அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது உத்தமம்.

பருப்பு, அரிசி எல்லாம் கட்டிக்கொண்டு போகாதீர்கள். 3400 மீட்டரில் தண்ணீர் 89 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு விடியும்வரை வேகாது.

---

ஜோபர்க் வாசி

வாத்தியார் ஐயா, நன்றி! சாம்பார் கனவு போச்சு. அப்போ என்னதான் சாப்பிடுவது?

---

சாட்ஸ்வர்த் பேரன்

ரொட்டி அண்ணா, ரொட்டி! எலுமிச்சை அச்சார் தடவிச் சுருட்டி வைத்தால் ஒன்றும் ஆகாது. பில்டாங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) சாப்பிடுவீர்கள் என்றால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பன்னி சோ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) மட்டும் முயற்சி செய்யாதீர்கள், முதுகுப்பையில் குழம்பு கொட்டினால் கரடி இல்லாவிட்டாலும் பபூன் வரும்.

---

முகட்டுவழி

ரொட்டியும் மைனஸ் பத்தில் பலகையாகிவிடும் தம்பி, சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். நான் காலையில் சத்துமாவுக் கஞ்சி, பகலில் வறுத்த கடலையும் பேரீச்சம்பழமும், ராத்திரி நூடுல்ஸில் நெய். நெய் உறைந்திருக்கும், கத்தியால் வெட்டிப் போட வேண்டியதுதான். பகலில் உட்கார்ந்து சமைக்க நேரமே இல்லை. ஜூலையில் சூரியன் ஏழு மணியை ஒட்டி வந்து, ஐந்தேகாலுக்குள் போய்விடும். முதல் ஒரு மணி நேரம் விரல் வளைந்து கூடாரம் மடிக்கவே போதாது.

ஜோபர்க் வாசி, உங்களுக்குச் சாமான் விவரம்.

தூக்கப்பையில் இரண்டு எண் போட்டிருப்பார்கள். ஒன்று சுகமாகத் தூங்கும் அளவு, இன்னொன்று தாங்கும் எல்லை. கடையில் பெரிதாகக் காட்டுவது இரண்டாவதை. நீங்கள் முதலாவதைப் பாருங்கள், மைனஸ் பத்தாவது இருக்கட்டும். அதைவிட முக்கியம் கீழே விரிக்கிற பாய். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். ஆர் மதிப்பு (சூட்டை விடாமல் தடுக்கும் அளவு) ஐந்தை ஒட்டி உள்ள பாய், அல்லது காற்றடைத்த பாய்க்குக் கீழே ஒரு நுரைப் பாய். நான் இரண்டும் எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர்தான் குளிர்காலத்தின் பெரிய தலைவலி. ஓடைகள் மேலே உறைந்திருக்கும், சிறியவை காய்ந்தே இருக்கும். சாம்பேன் காசிலுக்கும் மஃபாடிக்கும் இடையே ஓடைப் பள்ளத்தில் கல்லால் பனிக்கட்டியை உடைத்து அள்ளினேன். வடிகட்டி எடுத்துப்போனால் உடம்போடு ஒட்டி வையுங்கள். அந்த நுண்குழாய் வடிகட்டிக்குள் ஈரம் உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. குடித்த பிறகுதான் வயிறு சொல்லும். பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலே உருவாகும், மூடிப் பக்கம் தண்ணீராக இருக்கும்.

விறகு மூட்டிக் குளிர் காயலாம் என்ற எண்ணமே வேண்டாம். பூங்காவுக்குள் திறந்த நெருப்புக்குத் தடை. ஜூலைப் புல் பொறி பட்டால் போதும், பள்ளத்தாக்கே எரியும்.

---

வெருலம் ரவி இல்லை

படித்துக்கொண்டே இருக்கிறேன், ரசமாக இருக்கிறது. ஆனால் யாரும் பேசாத விஷயம்: மேலே திருட்டு. லெசோத்தோ ஆட்கள் ராத்திரி கூடாரத்தைக் கிழித்து ஷூவை எடுத்துப் போகிறார்கள் என்று என் நண்பன் சொன்னான். தனியாக இருந்தால் என்ன செய்வது?

---

முகட்டுவழி

நடக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் 'லெசோத்தோ ஆட்கள்' என்று மொத்தமாகச் சொல்ல வேண்டாம். மேலே இருக்கிற பசோத்தோ மேய்ப்பர்கள் பலர் சின்னப் பையன்கள். போர்வையும் ரப்பர் பூட்ஸுமாக மாதக்கணக்கில் கல்குடிசையில் ஆடு மாட்டோடு கிடக்கிறார்கள். குளிர்காலத்தில் பெரும்பாலும் மந்தையைக் கீழே ஓட்டிப்போய்விடுவார்கள், குடிசைகள் காலியாக இருக்கும். நான் பார்த்தது ஒரே ஒரு கூட்டம், போப்பிளுக்கு மேற்கே. 'டுமேலா' என்று வணக்கம் சொன்னேன், திரும்பச் சொன்னார்கள். கடலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். நாய்கள்தான் கொஞ்சம் பயமுறுத்தின.

முன்னெச்சரிக்கை வேண்டும்தான். ஷூவைக் கூடாரத்துக்குள் வையுங்கள், வெளியில் ஒரு பொருளும் விடாதீர்கள். கணவாய்த் தலைப்பிலேயே கூடாரம் போடாதீர்கள். கஞ்சா கடத்துகிறவர்கள் ராத்திரி நடக்கிற வழி கணவாய்தான். யாராவது மூட்டையோடு வந்தால் வழிவிட்டு விலகிவிடுங்கள், படம் எடுக்காதீர்கள்.

---

சாட்ஸ்வர்த் பேரன்

அண்ணே, லங்கலிபலேலே கணவாய்க்கு ஏன் அந்தப் பெயர்? பள்ளியில் படித்தது பாதி ஞாபகம்.

---

பழைய இயற்பியல் வாத்தியார்

வரலாறு என் பாடம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். லங்கலிபலேலே ஹ்லூபி மக்களின் தலைவர். கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் உழைத்து அவருடைய இளைஞர்கள் துப்பாக்கி வாங்கி வந்தார்கள். பிரிட்டிஷ் காலனியான நடாலின் அரசு அவற்றைப் பதிவு செய்யச் சொல்லி நெருக்கியது. மோதல் முற்றி, 1873இல் அவர் தன் மக்களில் பலரோடும் மாடுகளோடும் இந்தக் கணவாய் வழியாக லெசோத்தோவுக்குத் தப்பினார். நவம்பர் 4ஆம் தேதி கணவாய் உச்சியில் சண்டை. காலனிப் படையில் ஐந்து பேர் இறந்தார்கள். பக்கத்துச் சிகரங்கள் எர்ஸ்கின், பாண்ட், பாட்டரில், கடானா, கம்புலே என்று அவர்கள் பெயரையே தாங்கி நிற்கின்றன. லங்கலிபலேலே பிடிபட்டு ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். அதற்குப் பின் நடந்த பழிவாங்கலில் செத்த ஹ்லூபிகளுக்குச் சிகரம் எதுவும் இல்லை.

ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்களின் முதல் கப்பல் டிரூரோ மதராஸிலிருந்து டர்பன் வந்தது 1860 நவம்பரில். அதாவது இந்தச் சண்டை நடந்தபோது நம் கொள்ளுத்தாத்தாக்கள் கீழே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள், அதே அரசின் கீழ்.

---

மாரிட்ஸ்பர்க் அக்கா

இதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என் அப்பாவுக்கு மலை என்றால் உயிர். ஆனால் அவர் வாலிபத்தில் பெர்க்கின் முகாம்களில் இந்தியர்களுக்கு இடம் கிடையாது, வெள்ளைக்காரருக்குத்தான். எஸ்ட்கோர்ட் சாலையில் வண்டியை நிறுத்தி, தூரத்தில் தெரிகிற ஜயன்ட்ஸ் காசிலைக் காட்டுவார். இன்றைக்கு நம் பிள்ளைகள் அதன் உச்சியில் நின்று படம் போடுகிறார்கள். அதனால்தான் தம்பி உன்னைத் திட்டினாலும் முழு மனசாகத் திட்ட முடியவில்லை.

ஜோபர்க் வாசிக்கு ஒரு யோசனை. முதல் குளிர்காலத்திலேயே முகடு நடக்காதீர்கள். சென்டினல் வண்டி நிறுத்தத்திலிருந்து சங்கிலி ஏணி ஏறி ஆம்ஃபிதியேட்டர் என்ற பெரிய பாறைச்சுவரின் மேலே ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். துகேலா அருவித் தலைப்பு உறைந்து கிடக்கும். குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரே ராத்திரியில் தெரியும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காலையில் சீக்கிரமே வண்டிக்கு வந்துவிடலாம். ஏணியில் பனிக்கட்டி இருந்தாலோ காற்று பலமாக இருந்தாலோ ஏறாதீர்கள்.

---

ஜோபர்க் வாசி

அக்கா, அப்படியே செய்கிறேன். இரண்டு நண்பர்களையும் சேர்த்துக்கொள்கிறேன். கடைசியாக: பாஸ்போர்ட் வேண்டுமா? என்னுடையது வேலை விசா.

---

முகட்டுவழி

மலைநீர் பிரியும் கோடுதான் எல்லை. முகட்டில் நடக்கும்போது பாதி நேரம் நீங்கள் லெசோத்தோவில்தான் இருப்பீர்கள். என்னை மேலே யாரும் கேட்கவில்லை. ஆனால் இறங்கவேண்டி வந்து லெசோத்தோ பக்கம் போய்விட்டால் பாஸ்போர்ட் இல்லாமல் சிக்கல். பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள், விசா உள்ள ஆளுக்கு அது இன்னும் அவசியம். பூங்கா அனுமதிச்சீட்டும் மீட்புப் பதிவேடும் தனி. வெளியே வந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். மறந்துவிட்டு வீட்டில் தூங்கினால், மேலே உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

---

சாட்ஸ்வர்த் பேரன்

அண்ணே, ஆகஸ்டில் நானும் ஜோபர்க் அண்ணாவோடு ஏணி வரைக்கும் போகலாம் என்று பார்க்கிறேன். அந்த ஸ்பைக் ஜோடியைக் கடன் தருவீர்களா? ஆயாவிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

---

முகட்டுவழி

தருகிறேன். எட்டு முதல் பத்து அளவு ஷூவுக்குப் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை காலை கோவிலுக்கு வா, வண்டியில்தான் கிடக்கிறது. ஆயாவிடம் நீயே சொல்லிவிடு, பதிவேட்டில் வீட்டுத் தொலைபேசி எண்ணும் கேட்பார்கள்.